ஆள் போன பிறகும் பாட்டு நிற்குமா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஓர் இசைக்குழுவில் முக்கியமான ஒருவர் இறந்துவிட்டால், எஞ்சியிருப்பவர்கள் அதே பெயரில் மேடையேறலாமா? புதிய பாடல்களை வெளியிட்டு மீண்டும் எழுந்து நிற்க முடியுமா? இன்றைய அங்கத்தில் நெறியாளர் என் முன் வைத்திருக்கும் கேள்வி இதுதான்.

கேட்பதற்கு எளிய கேள்வி. பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 1980 செப்டம்பரில் 'லெட் ஸெப்பலின்' குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோன் போன்ஹம் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மற்ற மூவரும், இனி நாங்கள் அந்தக் குழுவாகத் தொடர முடியாது என்று அறிக்கை விட்டு, கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1971 ஜூலையில், 'தி டோர்ஸ்' குழுவின் பாடகர் ஜிம் மோரிசன் பாரிஸ் நகரில் இறந்தார். மற்ற மூவரும் நிறுத்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஓர் ஆல்பம், மறு ஆண்டு இன்னொன்று என்று வெளியிட்டார்கள். கேட்க ஆளில்லை. 1973இல் குழு கலைந்தது. அந்த இரண்டு ஆல்பங்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றால், மேற்கத்திய இசை கேட்பவர்களிலும் பலர் விழிப்பார்கள்.

ஆக, நிறுத்தியவர்களும் உண்டு. தொடர்ந்து தோற்றவர்களும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டிலும் சேராத ஒரு குழு. பெயர் ஏசி/டிசி. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரோக் குழு. எண்பதுகளில் நம் ஊர் பாசார் மாலாமில் கேசட் வாங்கிய இளைஞர்களுக்கு அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் மின்னல் கோடு நன்றாக நினைவிருக்கும். சட்டையில் அந்த மின்னலைப் பார்த்துவிட்டு, இது ஏதோ மின்சார வாரியத்துச் சட்டை என்று என் தாயார் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குழுவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், மற்றவர்களுக்கு ஒரு முறை வந்த சோதனை இவர்களுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை 1980இல், ஒரே இரவில். இரண்டாம் முறை 2014இல் தொடங்கி, ஒவ்வொருவராக உதிர்ந்து, மூன்று நான்கு ஆண்டுகள் இழுத்தடித்து. முதல் சோதனையில் இவர்கள் வென்ற கதையை உலகமே அறியும். இரண்டாவது கதைதான், என் கணக்கில், கூடுதலாகச் சொல்ல வேண்டியது.

தையல் இயந்திரத்திலிருந்து வந்த பெயர்

முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம். ஏசி/டிசி என்பது குழு என்பதைவிட ஒரு குடும்பம் என்று சொல்வதே பொருத்தம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்த யங் குடும்பம் 1963இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் பலர். அவர்களுள் ஜோர்ஜ் யங், அறுபதுகளிலேயே 'ஈஸிபீட்ஸ்' என்ற குழுவில் வாசித்துப் பெயர் பெற்றவர். அவருக்குப் பின் பிறந்த தம்பிகள் மெல்கம், ஏங்கஸ். இந்த இருவரும்தான் 1973இல் ஏசி/டிசியைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசி நாள் இரவு, சிட்னியில் ஓர் இரவு விடுதியில் முதல் நிகழ்ச்சி.

பெயரைக் கொடுத்தவர் அக்காள் மார்கரெட். தையல் இயந்திரத்தில் மின்சார வகையைக் குறிக்க எழுதியிருந்த நான்கு எழுத்துகளைப் பார்த்துச் சொன்னாராம். ஏங்கஸ் மேடையில் பள்ளிச் சீருடையில் வருவதும் அக்காள் கொடுத்த யோசனைதான். எழுபது வயதைத் தொட்ட பிறகும் அவர் அரைக்கால் சட்டையும் கழுத்துப்பட்டையுமாகத்தான் மேடையில் ஓடுகிறார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதன் கனம் புரியாது. ரோக் குழுவில் பெரும்பாலும் இரண்டு கிட்டார்கள் இருக்கும். ஒன்று முன்னால் நின்று ராகம் இழுக்கும், துள்ளும், கைத்தட்டல் வாங்கும். அது ஏங்கஸ். மற்றொன்று பின்னால் நின்று, பாட்டு முழுவதும் ஒரே தாளக்கட்டில் பாட்டைத் தாங்கிப் பிடிக்கும். அதை ரிதம் கிட்டார் என்பார்கள். அது அண்ணன் மெல்கம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரரைப் பார்த்துத்தான் தலையாட்டுவோம். தவில்காரர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டால்தான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியும். மெல்கம் அப்படிப்பட்டவர். டிரம்ஸ் பக்கத்தில் ஒலிபெருக்கிகளை ஒட்டி நிற்பார். பல்லவி வரும்போது இரண்டு அடி முன்னால் வந்து ஒலிவாங்கியில் சேர்ந்து பாடுவார். முடிந்ததும் அதே இரண்டு அடி பின்னால் போய்விடுவார். அவ்வளவுதான் அவருடைய ஆட்டம்.

ஆனால் குழுவின் முதலாளி அவர்தான். எந்தப் பாட்டு ஆல்பத்தில் இடம்பெறும், யார் குழுவில் இருப்பார், யார் வெளியே போவார் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் மெல்கம். பாட்டுக்கு அடிப்படையான கிட்டார் வரிகளை, அதாவது 'ரிஃப்' என்பார்களே, அவற்றில் பெரும்பகுதி அவர் கையிலிருந்து வந்தவை.

முதல் இழப்பு

1980ஆம் ஆண்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவின் பாடகர் போன் ஸ்காட். இவரும் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1979இல் வெளிவந்த ஆல்பம் அமெரிக்காவின் கதவைத் திறந்துவிட்டிருந்தது. அடுத்த ஆல்பத்துக்கு அண்ணனும் தம்பியும் லண்டனில் மெட்டமைத்துக்கொண்டிருந்தார்கள். போன் ஸ்காட் ஒரு நாள் அங்கு வந்து, பாடாமல், டிரம்ஸில் அமர்ந்து தாளம் போட்டு உதவிவிட்டுப் போனார். அதற்குச் சில நாட்களில், 1980 பிப்ரவரி 19ஆம் தேதி, லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் கிடந்தார். அளவுக்கு மீறிய குடி. வயது 33.

நிறுத்திவிடலாமா என்று யோசித்தவர்களுக்கு வழி காட்டியவர்கள் இறந்தவரின் பெற்றோர். தொடர்ந்து செய்யுங்கள் என்று அவர்களே சொன்னதாகச் சகோதரர்கள் பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்கள். பெற்றவர்களின் வாயிலிருந்து அந்த வார்த்தை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

புதிய பாடகர் பிரையன் ஜோன்சன். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசல் பகுதிக்காரர். எழுபதுகளில் 'ஜோர்டி' என்ற குழுவில் பாடி, அது படுத்துவிட்ட பிறகு, கார் கூரைகளுக்கு வினைல் உறை போடும் சிறு தொழில் நடத்திக்கொண்டிருந்தார். தேர்வில் டினா டர்னர் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டையும், போன் ஸ்காட் பாடிய ஒரு பாட்டையும் பாடினார். வேலை கிடைத்தது. அடுத்த சில வாரங்களில் பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு. போன் ஸ்காட் மறைந்து ஐந்து மாதங்கள்தான் கடந்திருந்தன. முழுவதும் கறுப்பு நிற அட்டையுடன் 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது. அந்தக் கறுப்பு துக்கத்தின் அடையாளம். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு மணி ஒலிக்கும். அதற்காக இங்கிலாந்தின் லஃப்பரோ நகரத்து மணிப் பட்டறையில் ஒரு டன் எடையுள்ள மணியை வார்க்கச் சொல்லி, அதை அடித்தே ஒலிப்பதிவு செய்தார்கள்.

அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 50 இலட்சம் பிரதிகளுக்கான சான்றிதழை அந்த ஆல்பம் 2019இல் பெற்றது. உலக இசை வரலாற்றில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு.

அண்ணன் மறக்கத் தொடங்கினார்

இனிதான் நான் நிதானமாகப் பேச விரும்பும் பகுதி.

2008இல் 'பிளேக் ஐஸ்' என்ற ஆல்பம் வந்தது. அதையொட்டிய உலகப் பயணம் 2010 ஜூன் வரை நீண்டது. அந்தப் பயணத்தின் போதே மெல்கமுக்கு மறதி தொடங்கிவிட்டது. தானே உருவாக்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரவுதோறும் வாசித்த பாடல்களை, மேடையேறுமுன் உட்கார்ந்து மீண்டும் பழகிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு வந்தது. இதைத் தம்பி ஏங்கஸே பின்னர் வெளியில் சொன்னார். ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரில் நடந்த கடைசி நிகழ்ச்சிதான் மெல்கம் வாசித்த கடைசி நிகழ்ச்சி. அரங்கில் இருந்த எவருக்கும் அது தெரியாது.

டிமென்ஷியா எனப்படும் இந்த நோயை நம்மில் பலர் வயதானால் வரும் சாதாரண மறதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. சாவி எதற்கு என்பதை மறப்பது வேறு. அதிலும், நேற்று நடந்ததைச் சேமிக்கும் நினைவும், கை பழகிய வேலையைச் சேமிக்கும் நினைவும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பவை அல்ல. அதனால்தான் பேரப்பிள்ளையின் பெயரை மறந்த பாட்டி, கை தானாக நகர, பூத்தொடுத்துவிடுவார். இசைக் கலைஞர்களிடமும் இதைக் காண்கிறோம். எந்தப் பாட்டு, அதில் அடுத்து என்ன வரும் என்பது நழுவிப் போனாலும், தொடங்கிக் கொடுத்துவிட்டால் விரல்கள் தாமாக ஓடும். அடுத்தது என்ன என்பதை நினைவில் வைத்து மற்ற நால்வரையும் நடத்திச் செல்ல வேண்டியவருக்கு அது மட்டும் போதாது என்பதுதான் துயரம்.

மறதி மட்டும் அல்ல. நுரையீரலில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை, இதயத்தில் கோளாறு என்று அடுத்தடுத்து வந்தன. 2014 ஏப்ரலில், உடல்நலம் கருதி மெல்கம் ஓய்வு எடுத்துக்கொள்கிறார் என்று குழு அறிவித்தது. செப்டம்பரில், அவர் திரும்ப மாட்டார் என்று அறிவித்தது. நோயின் பெயரைக் குடும்பம் மறைக்காமல் வெளியிட்டது. ஒரு ரோக் கலைஞரின் குடும்பம் டிமென்ஷியா என்று வெளிப்படையாகச் சொன்னதைப் பாராட்டவே தோன்றுகிறது.

அவருடைய இடத்தில் உட்கார வெளியாளைத் தேடவில்லை. ஸ்டீவி யங் வந்தார். யங் சகோதரர்களில் மூத்தவரின் மகன். அண்ணன் மகன் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தப்பா ஏங்கஸைவிட ஒன்றரை வயதுதான் இளையவர். பெரிய குடும்பங்களில் இப்படி உண்டு. நம் தோட்டப்புற வீடுகளிலும் சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஒரே வகுப்பில் படித்திருக்கிறார்கள். 1988இல் மெல்கம் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சில மாதங்கள் ஒதுங்கியபோதும் இதே ஸ்டீவிதான் வந்து வாசித்துக் கொடுத்தார்.

அந்த 2014ஆம் ஆண்டின் இறுதியில் 'ரோக் ஓர் பஸ்ட்' என்ற ஆல்பம் வந்தது. மெல்கம் இல்லாமல் பதிவான முதல் ஆல்பம். 35 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மோசமில்லை. ஆனால் அவசரத்தில் கட்டிய வீடு போல இருந்தது என்பது என் கருத்து.

ஒவ்வொருவராக

ஆல்பம் வெளிவருவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது அடுத்த அடி விழுந்தது. டிரம்ஸ் கலைஞர் பில் ரட் நியூசிலாந்தில் கைதானார். கொலை மிரட்டல் விடுத்தது, போதைப்பொருள் வைத்திருந்தது ஆகிய குற்றங்களை 2015இல் ஒப்புக்கொண்டார். எட்டு மாத வீட்டுக் காவல் தண்டனை. உலகப் பயணத்துக்கு அவரை அழைத்துப் போக முடியவில்லை. முன்பு குழுவில் இருந்த கிறிஸ் ஸ்லேட் மீண்டும் வரவழைக்கப்பட்டார்.

2016 மார்ச்சில் அடுத்தது. பாடகர் பிரையன் ஜோன்சனிடம் மருத்துவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்: மேடையை விட்டு இறங்காவிட்டால் காது முழுவதுமாகப் போய்விடும். அமெரிக்காவில் பத்து நிகழ்ச்சிகள் ஒத்திவைக்கப்பட்டன.

செவியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒலி வந்து மோதும்போது அவை அசைந்து, அந்த அசைவை நரம்புக்கு அனுப்புகின்றன. பெரும் சத்தம் தொடர்ந்து தாக்கினால் அந்த செல்கள் செத்துவிடும். தோல் வளர்வது போல, நகம் வளர்வது போல, அவை மறுபடியும் வளர்வதில்லை. போனது போனதுதான். ஜோன்சன் தம் காது கெட்டதற்கு இசையைவிட, காதடைப்பான் இல்லாமல் பந்தயக் கார் ஓட்டியதையே காரணமாகச் சொன்னார். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் முன்னால் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் பெற்றோர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எஞ்சிய பயணத்துக்கு, 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' குழுவின் எக்ஸல் ரோஸ் பாடினார். கால் எலும்பு முறிந்திருந்ததால், மே மாதம் லிஸ்பன் நகரில் நடந்த முதல் நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். நன்றாகத்தான் பாடினார் என்று நேரில் கேட்டவர்கள் எழுதினார்கள். ஆனாலும் பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ரசிகன் குரலை மட்டும் வாங்குவதில்லை.

பயணம் முடியும் தறுவாயில், 1977 முதல் பேஸ் கிட்டார் வாசித்து வந்த கிளிஃப் வில்லியம்ஸ், எனக்கு ஓய்வு வேண்டும் என்று விலகினார். 2016 செப்டம்பரில் அந்தப் பயணம் முடிந்தபோது, 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை உருவாக்கிய ஐவரில் எஞ்சியவர் ஏங்கஸ் ஒருவர்தான்.

2017 அக்டோபர் 22ஆம் தேதி, தம்பிகளுக்கு ஒலிப்பதிவுக்கூடத்தில் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஜோர்ஜ் காலமானார். நவம்பர் 18ஆம் தேதி மெல்கம். வயது 64. ஒரு மாதத்துக்குள் ஒரே வீட்டில் இரண்டு சாவு. சிட்னியில் செயிண்ட் மேரிஸ் தேவாலயத்தில் மெல்கமின் இறுதிச் சடங்கு நடந்தது.

பெட்டிக்குள் இருந்த மெட்டுகள்

இந்த இடத்தில் குழு முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2018 ஆகஸ்டில், கனடாவின் வென்கூவர் நகரில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தின் வெளியே நின்ற இருவரை யாரோ ஒரு ரசிகர் படம் பிடித்தார். ஒருவர் பிரையன் ஜோன்சன். மற்றவர் பில் ரட். காது போனவரும், தண்டனை பெற்றவரும் ஒரே வாசலில் என்ன செய்கிறார்கள்? படம் உலகம் முழுவதும் சுற்றியது. குழு வாயே திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் திறக்கவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். சகோதரர்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இருவரும் கிட்டாரோடு எதிரெதிரே உட்கார்ந்து, தோன்றுகிற மெட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து வைப்பார்கள். சில நான்கு வரி இருக்கும். சில பாதிப் பாட்டு இருக்கும். ஓர் ஆல்பத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். குறிப்பாக 'பிளேக் ஐஸ்' ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து எழுதியவை ஏராளம். அண்ணன் மறைந்த பிறகு ஏங்கஸ் அந்தப் பெட்டிகளைத் திறந்தார். மெல்கமுக்குப் பிடித்திருந்தவை எவை, ஒரு நாள் செய்யலாம் என்று அவர் எடுத்து வைத்தவை எவை என்று நினைவுபடுத்திப் பார்த்து, அவற்றைப் பாடல்களாக முடித்தார்.

வீட்டில் இறந்தவரின் அலமாரியைத் திறந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று கை நடுங்கும். ஏங்கஸுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இது நன்றாக இருக்கிறது, இது குப்பை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவந்தவர் அந்த அண்ணன்தான். இப்போது அண்ணனின் மெட்டை அண்ணனின் காதால் தம்பி கேட்க வேண்டும்.

ஆட்கள் எப்படித் திரும்பினார்கள்? ஜோன்சனைத் தேடி வந்தவர் ஸ்டீஃபன் எம்ப்ரோஸ். பாடகர்கள் மேடையில் காதுக்குள் பொருத்திக்கொள்ளும் ஒலிக்கருவியை உருவாக்கிய முன்னோடி. காதுக்குள் சேரும் காற்றழுத்தத்தைச் செவிப்பறைக்குப் பதிலாகத் தான் வாங்கித் தணிக்கும் ஒரு மெல்லிய சவ்வை அவர் உருவாக்கியிருந்தார். ஜோன்சனிடம் சோதித்தபோது கருவி பெரியதாக இருந்தது. அதைச் சிறிதாக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. செத்துப்போன செல்களை அது உயிர்ப்பிக்கவில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு பாட வழி செய்தது. பில் ரட் தண்டனையை முடித்திருந்தார். திருந்தி வந்தவரை ஏங்கஸ் சேர்த்துக்கொண்டார். கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தார். மெல்கமின் இடத்தில் ஸ்டீவி.

ஒலிப்பதிவு 2018இலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டாலும், பிற வேலைகளும் பிறகு கோவிட் பெருந்தொற்றும் வெளியீட்டைத் தள்ளிப்போட்டன. 2020 நவம்பர் 13ஆம் தேதி 'பவர் அப்' வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டுகள். பன்னிரண்டிலும் எழுதியவர்கள் என்ற இடத்தில் ஏங்கஸ் யங், மெல்கம் யங் என்ற இரண்டு பெயர்கள். போன் ஸ்காட்டுக்கு 'பேக் இன் பிளாக்' எப்படியோ, மெல்கமுக்கு இது அப்படி என்று ஏங்கஸ் சொன்னார். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் விற்பனைப் பட்டியலில் முதலிடம். மறு ஆண்டின் இறுதியில் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சிறந்த ரோக் ஆல்பத்துக்கான விருதை ஃபூ ஃபைட்டர்ஸ் குழு தட்டிச் சென்றது.

தரம் எப்படி என்று கேட்பீர்கள். 'பேக் இன் பிளாக்' அல்ல. பிற்பகுதியில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. பல பத்தாண்டுகளாக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று இந்தக் குழுவைக் கேலி செய்பவர்களுக்கு இதிலும் தீனி உண்டு. ஆனால் முதல் பாட்டு தொடங்கும் வேகத்தில் எழுபது வயதின் தளர்ச்சி இல்லை. 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஒஃப் டைம்' என்ற பாட்டு வழக்கமான முரட்டுத்தனத்தைக் குறைத்து, பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தக் குழுவிடம் நான் எதிர்பார்க்காத மென்மை அதில் இருக்கிறது. 'ரோக் ஓர் பஸ்ட்' ஆல்பத்தைவிட இது ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்னதில் ஓர் ஆளை வைத்து ஓட்டையை அடைத்திருந்தார்கள். இதில் ஓட்டை இருப்பதைத் தெரிந்தே வாசித்திருக்கிறார்கள்.

நேயர் ஒருவரின் கேள்வி

இறந்தவரின் பெயரைப் போட்டுக் காசு பார்ப்பதுதானே இது, என்று நேயர் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஒளித்துப் பேச விரும்பவில்லை; காசு இதில் இருக்கிறது. ஆனால் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதிய பாட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பங்கு மற்றவருக்குப் போய்விடாது. அவருடைய வாரிசுகளுக்குப் போகும். ஆஸ்திரேலியச் சட்டப்படி, எழுதியவர்களில் கடைசியாக மறைபவரின் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். மெல்கமின் மெட்டுகள் பெட்டியிலேயே கிடந்திருந்தால் அவருடைய மனைவி மக்களுக்கு அவற்றால் ஒரு காசும் வந்திருக்காது. பன்னிரண்டு பாட்டிலும் அவர் பெயர் இருப்பதால் பங்கு வருகிறது. 'இது நான் முடித்த பாட்டு, என் பெயர் மட்டும் போதும்' என்று தம்பி சொல்லியிருந்தால் தட்டிக்கேட்க அண்ணன் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இறந்த பாடகரின் பழைய குரல் பதிவை எடுத்து, கணினியில் சுத்தம் செய்து, புதுப் பாட்டில் ஒட்ட வைக்கும் காலம் இது. 'பவர் அப்' ஆல்பத்தில் மெல்கமின் கிட்டார் ஒலியை அப்படி ஒட்டவில்லை. மெட்டு அவருடையது, வாசித்த கை ஸ்டீவியுடையது. எனக்கு இந்த முறைதான் நாகரிகமாகப் படுகிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இருக்கலாம். குவீன் குழு 1995இல், நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பிரெடி மெர்க்குரியின் குரல் பதிவுகளை வைத்து ஓர் ஆல்பம் முடித்தது. அவர் சாவதற்கு முன் தாமே விரும்பிப் பாடி வைத்துவிட்டுப் போன குரல் அதில் இருந்தது. அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர் என்ன விரும்பினார் என்பது தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. மெல்கம் விஷயத்தில் நோய் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாமல் செய்துவிட்டது. முடிகிற வரைக்கும் அவர் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஒன்றுதான் தம்பிக்கு இருந்த ஆதாரம்.

அதன் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் கலிபோர்னியாவில் நடந்த ஓர் இசைவிழாவில், ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு குழு மேடையேறியது. பில் ரட் இல்லை. மெட் லோக் என்பவர் டிரம்ஸ் வாசித்தார். 2024இல் ஐரோப்பா முழுவதும் பயணம் போனார்கள். கிளிஃப் வில்லியம்ஸ் பயணத்துக்கு வரவில்லை, பேஸ் கிட்டாருக்கு கிறிஸ் செனி வந்தார். 2025இல் அமெரிக்கா, ஆண்டின் இறுதியில் சொந்த ஊரான ஆஸ்திரேலியா. ஜோன்சனுக்கு அப்போது 78 வயது. உச்சத்தில் குரல் சில இடங்களில் சறுக்குகிறது.

அந்த மேடையின் காணொளியைப் பார்ப்பவர்கள் ஏங்கஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் ஓடுகிறார், உருள்கிறார், வேர்வையில் நனைகிறார். டிரம்ஸ் பக்கத்தில், ஒலிபெருக்கிகளை ஒட்டி, மெல்கம் நின்ற அதே இடத்தில், அவர் வாசித்ததைப் போன்ற கிரெட்ச் கிட்டாரோடு ஸ்டீவி நிற்கிறார். பல்லவி வரும்போது இரண்டு அடி முன்னால் வந்து பாடுகிறார். முடிந்ததும் பின்னால் போய்விடுகிறார்.